மிலாறு மண்ணாகும் மலை

மலைநாட்டுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே செல்வார்கள். நீர்வீழ்ச்சி எங்கே, சிவனொளிபாத மலை எங்கே, மூடுபனி விலகிற்றா என்று அவர்கள் கண்கள் உயரத்தையே நாடும். நாம் இம்முறை மேற்கொண்ட பயணமோ குனிந்து பார்ப்பதற்கென்றே அமைந்தது. தலவாக்கலைக்கு அணித்தான ஒரு தோட்டத்தில், ஒரு லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியில், ஒரு சாண் ஆழத்தில் மூன்று மாதங்களுக்கு முன் புதைத்து வைத்த சில பொருள்களைத் தோண்டி எடுப்பதே நமது நோக்கம்.

புதையல் என்று எண்ணிவிட வேண்டாம். புதைக்கப்பட்டவை ஐந்தே ஐந்து: ஒரு பிடி முள்முருக்கந் தழை, ஒரு பிடி தேயிலையின் முதிர்ந்த இலை, கவ்வாத்துக் குச்சிகள் சில, பழைய பருத்தித் துணி ஒரு துண்டு, கடையில் சாமான் கட்டித் தரும் 'சொப்பிங் பை' ஒன்று. முதல் நான்கையும் வெங்காயம் வரும் வலைப்பைகளைச் சிறு சிறு பைகளாக வெட்டித் தைத்து, அவற்றுள் இட்டுப் புதைத்தாள், ஹட்டனில் விஞ்ஞானம் கற்பிக்கும் நமது நண்பரின் மகள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவளுக்குப் பாடநூலில் 'பிரிகையாக்கிகள்' என்றொரு சொல் வருகிறது. இறந்த பொருள்களைச் சிதைத்து மீண்டும் மண்ணாக்கும் உயிர்களுக்கு அது பொதுப் பெயர். சொல்லை மனனம் செய்தால் போதாது, அவற்றின் வேலையைக் கண்ணாற் காணவேண்டும் என்பது அவள் விருப்பம். ஆனி மாதத்தில் புதைக்கும்போது உடனிருந்தோம். புரட்டாசியில் எடுக்கும்போதும் இருக்கவேண்டும் என்று அழைப்பு வந்தது.

கவ்வாத்து மலை

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாகப் பேருந்து மலையேறத் தொடங்கியதுமே காற்றின் குணம் மாறிவிடுகிறது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய வட்டவளையைக் கடந்து ஹட்டனை அடைந்தோம். அங்கே நண்பரும் மகளும் ஏறிக்கொண்டார்கள். கொட்டகலைக்கு அப்பால் டெவன், சென் கிளேயர் அருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. பார்க்குமிடமெங்கும் கம்பளம் விரித்தாற்போன்ற பசுமை. இரண்டொரு மலைகள் மட்டும் அந்தக் கம்பளத்தில் கிழிசல் விழுந்தாற்போல் பழுப்பாகக் கிடந்தன.

தோட்டத்து மக்கள் தேயிலை நட்ட ஒவ்வொரு பிரிவையும் 'மலை' என்றே சொல்வார்கள். நாம் கண்ட பழுப்பு நிறத்தது 'கவ்வாத்து மலை'. செடி உயர்ந்து கொழுந்து குறையும்போது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதே கவ்வாத்து. வெட்டிய செடிகள் பாதி எரிந்த விறகுக் கட்டைகளை நட்டு வைத்தது போல் நிற்கும். அடியில் குச்சியும் கொப்பும் இலையுமாகக் கணுக்கால் புதையும் அளவுக்குக் குப்பை. அதற்கு மலைநாட்டுத் தமிழில் 'மிலாறு' என்று பெயர். ஒரு ஹெக்டேயரில் கவ்வாத்து வெட்டினால் பல தொன் மிலாறு விழும். அதைக் குப்பை என்று நாம் சொன்னது பிழை என்பதை, அன்று மாலைக்குள் உணர்ந்துகொண்டோம்.

லயத்தின் வாசலில் பெரியவர் காத்திருந்தார். கவ்வாத்துக் கத்தியோடு நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். லயத்தின் பின்னால் உள்ள சரிவில் நாலைந்து பாத்தி லீக்சும் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்.

"வாங்கையா, வாங்க. நான் ஒரு நாளும் கிளறிப் பாக்கல. தொடக்கூடாதுன்னு பாப்பா சொல்லிட்டுப் போச்சே," என்றார்.

"நெசமாவா தாத்தா? ஒரு தடவகூடவா?" என்று சிரித்தாள் அவள்.

"மம்பட்டி படாம அந்த எடத்தச் சுத்திக் கல்லு வச்சிருக்கேன், பாரு."

ஐந்து பைகள்

முதலில் வெளிவந்தது முள்முருக்குப் பை. பையில் தழை இல்லை! நரம்புகள் மட்டும் சிலந்தி வலை போல் எஞ்சியிருந்தன. தேயிலையிலை பாதியளவே போயிருந்தது. மிச்சம் கறுத்து மெலிந்து, விரலால் தொட்டால் நொறுங்கியது. குச்சிகள் பார்வைக்கு மாறவில்லை. ஆனால் ஒன்றை ஒடித்தபோது சத்தம் எழாமல் பிட்டது போல் பிட்டுக்கொண்டது. பட்டைக்கடியில் வெள்ளை நூலிழைகள் விசிறி போலப் பரந்திருந்தன. பருத்தித் துணி வண்டு அரித்தது போலக் கண் கண்ணாக ஓட்டை விழுந்து கிடந்தது. ஐந்தாவதாகிய சொப்பிங் பையை எடுத்து நீரில் அலசினாள். கடையின் பெயர்கூட அழியவில்லை.

ஒரே மண், ஒரே மழை, ஒரே மூன்று மாதம். ஏன் இத்தனை வேறுபாடு? பாத்தியோரத்தில் அமர்ந்து நண்பர் விளக்கத் தொடங்கினார். ஓர் ஆசிரியர் வகுப்பறையைவிட்டு வெளியே வந்தால் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதை அன்று கண்டோம்.

உதிர்ந்த இலையின் மீது முதலில் வாய் வைப்பவை கண்ணுக்குத் தெரியும் சிற்றுயிர்கள். மரவட்டை, மண்புழு, உண்ணியினத்துச் சிறு பூச்சிகள், தத்தித் திரியும் வால்துள்ளிகள் ஆகியவை இலையைக் கடித்துத் துண்டாக்குகின்றன. நாம் கீரையை அரிந்து உலையில் இடுவது போன்ற வேலை இது. துண்டு சிறிதாகச் சிறிதாக அடுத்து வருவோருக்கு இடம் பெருகும். அடுத்து வருவோர் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும். வளமான மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் உண்டு. இவற்றுக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. செரிக்கும் சாற்றை உடலுக்கு வெளியே சுரந்து, உணவைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. நமக்கு வயிற்றில் நிகழ்வது இவற்றுக்கு மண்ணில் நிகழ்கிறது.

இந்தப் பந்தியிலும் வரிசை உண்டு. இலையிலுள்ள சர்க்கரையும் மாப்பொருளும் முதலில் தீர்ந்துபோகும். பின்னர் இலைக்கும் பஞ்சுக்கும் உடல் தரும் செலுலோசு கரையும். மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்ற பொருள் கடைசிவரை நிற்கும். அதைக் கரைக்கும் ஆற்றல் பெரும்பாலும் ஒருவகைப் பூஞ்சணங்களுக்கே உண்டு. குச்சியில் கண்ட வெள்ளை நூல்கள் அவற்றின் உடலே. மழைக்காலத்தில் குடை விரிக்கும் காளான், அந்த நூல்களின் காய் என்று கொள்ளலாம். முள்முருக்கு அவரையினத்தைச் சேர்ந்தது. நைதரசன் மிகுந்த மெல்லிய தழை. ஆகவே விரைவில் உக்கிற்று. தேயிலையில் துவர்ப்புப் பொருள்கள் அதிகம். நமது நாவுக்கு இதமான அந்தத் துவர்ப்பு மண்ணுயிர்களுக்கு அவ்வளவு உவப்பானதன்று, மெல்லவே உண்கின்றன.

குளிரும் ஒரு காரணம். வெப்பம் 10 பாகை செல்சியசு கூடினால் இவ்வுயிர்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். கொழும்பின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 27 பாகை. நுவரெலியாவில் ஏறத்தாழ 16. கொழும்பில் ஒரு மாதத்தில் உக்குவது, ஈரமும் பிறவும் ஒத்திருந்தால், மலையில் இரண்டு மாதம் எடுக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே நண்பர் சொன்ன ஒரு செய்தி நமக்குப் பெருவியப்பளித்தது. உலகில் எந்த மண் எவ்வளவு வேகமாக உக்கச் செய்கிறது என்பதை அளப்பதற்கு விஞ்ஞானிகள் தேயிலைப் பையையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள்! ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று வகுத்த இம்முறை 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விரைவில் உக்கும் பச்சைத் தேயிலைப் பையொன்றையும், மெல்ல உக்கும் தென்னாபிரிக்க 'ரூயிபொஸ்' மூலிகைப் பையொன்றையும் நிறுத்து, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, ஏறத்தாழ 90 நாளின் பின் எடுத்து மீண்டும் நிறுப்பார்கள். குறைந்த நிறையே மண்ணின் உழைப்பு. பல நாடுகளில் பள்ளி மாணவரும் இதில் பங்குகொள்கிறார்கள். பையின் துணி செயற்கை இழையாதலால் அது உக்காமல் நிற்கும்; அதனாலேயே அளக்க முடிகிறது. நமது மலைகளின் பயிர் உலகத்து மண்ணுக்கெல்லாம் நாடி பார்க்கும் கருவியாயிற்று என்பதைக் கேட்டுப் பெரியவரும் புன்னகை செய்தார்.

நல்ல நூலும் கெட்ட நூலும்

ஆனால் அந்த வெள்ளை நூல்களைப் பார்த்து அவர் புன்னகை செய்யவில்லை. "இதக் கண்டா எங்களுக்குப் பயம் ஐயா. ஒரு செடி வாடும். மறுவருசம் பக்கத்துச் செடி. தோண்டிப் பாத்தா வேரெல்லாம் செவப்பா இருக்கும்," என்றார்.

அவர் சொன்னது 'போரியா' என்ற பூஞ்சணத்தால் வரும் வேர்நோய். காட்டை வெட்டியபோதும் நிழல்மரங்களை வீழ்த்தியபோதும் மண்ணுக்குள் விடப்பட்ட அடிக்கட்டைகளில் அது குடியிருக்கும். இறந்த கட்டையை உக்கச் செய்யும் வேலையோடு நின்றுவிடாமல், வேர்வழியே நகர்ந்து உயிருள்ள தேயிலையையும் பற்றிக்கொள்ளும். நோய் கண்ட செடிகளோடு சுற்றியுள்ள செடிகளையும் வேருடன் களைந்து, பென்சில் பருமனுள்ள வேரைக்கூட விடாது பொறுக்கி எரிக்கவேண்டும். இந்நோய்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பேராதனையில் பணியாற்றிய தொம் பெட்ச் என்ற ஆங்கிலேயப் பூஞ்சணவியலாளர். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி 1923-இல் நூல் வெளியிட்டார். 1925-இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் தலைவரும் அவரே.

பிரிகையாக்கிகள் நமது வேலைக்காரர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவை தம் பசிக்கு உண்கின்றன. எதை எங்கே எவ்வளவு விட்டுவைக்கவேண்டும் என்று அறிந்து நடப்பது மனிதரின் பொறுப்பு.

அடுப்பா, மண்ணா?

சிறுமி இதுவரை பேசாதிருந்தாள். இப்பொழுது ஒரு கேள்வி கேட்டாள்: "மண்ணே எல்லாத்தையும் உக்க வச்சு உரமாக்குதுன்னா, அந்த மேல் மலை ஏன் தாத்தா அப்படி வெளிறிப் போயிருக்கு? அங்கேயும் மிலாறு விழுந்திருக்குமே?"

பெரியவர் உடனே விடை கூறவில்லை. வீட்டின் பின்புறம் சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்த விறகுக் கட்டுகளைக் கையால் காட்டினார்.

"விழுந்திச்சு. அது இங்கதான் வந்திச்சு. கொழுந்து நிறுத்துட்டு வர்ற பொம்பளைங்க வெறுங்கையோட வருவாங்களா? ஆளுக்கொரு கட்டு மிலாறு தலையில இருக்கும். அது இல்லாட்டி அடுப்பு எரியாது. எங்க ஆத்தா அப்படி. எம் பொண்டாட்டியும் அப்படி."

இதில் யாரைக் குறை கூறுவது? கவ்வாத்து மிலாறை மலையிலேயே விடவேண்டும் என்பது அறிஞர் கூற்று. குளிர்காலையில் பிள்ளைக்கு வெந்நீர் வைக்கவேண்டும் என்பது தாயின் கூற்று. இரண்டும் நியாயமே. சமையல் எரிவாயு பல வீடுகளை எட்டிய பின்னரும், 2022-இல் நாட்டில் எரிவாயு அரிதானபோது மக்கள் மீண்டும் விறகையே நாடினார்கள். மிலாறு எரிந்தால் அதிலுள்ள பொட்டாசியமும் கல்சியமும் சாம்பலில் தங்கும். பெரியவரின் பாத்திக்கு அது போகிறது. ஆனால் காபனும் நைதரசனும் புகையாகிக் காற்றோடு போய்விடும். மண்ணுயிர்கள் ஆண்டுக்கணக்கில் உண்டு வாழவேண்டிய உணவு, ஒரு வேளைச் சோற்றில் முடிந்துபோகிறது.

அடுப்பு மட்டுமா காரணம்? கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடு அழிக்கப்பட்டபோது, பன்னெடுங்காலம் உக்கிச் சேர்ந்த கறுப்பு மண் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து விடப்பட்டது. ஒரு புல்லும் நிற்கலாகாது எனச் சுரண்டிய பழைய களையெடுப்பு முறையால், மேல்மண் கான் வழியே ஆற்றுக்குப் போயிற்று. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் கோப்பியில் துருநோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி மாண்டது. மாண்ட கோப்பி மரங்களைச் சீவி, இங்கிலாந்தில் தேநீர் மேசைகளுக்குக் கால்களாக அனுப்பினார்கள் என்று சொல்வதுண்டு. மண்ணுக்குத் திரும்பவேண்டிய கட்டையும் கப்பலேறிய கதை அது!

கொழுந்தும் கப்பலேறுகிறது. 100 கிலோ தேயிலைத்தூளில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் இருக்கும். இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், இந்த மலையின் சத்து பக்தாதிலும் மொஸ்கோவிலும் கோப்பைகளில் ஊற்றப்படுகிறது. அங்கே குடித்து எறியும் சக்கை அங்குள்ள மண்ணில்தான் உக்கும், இங்கே திரும்பாது. பிரிகையாக்கிகள் இருப்பதைச் சிதைத்துத் தரவல்லவை. இல்லாததைப் படைக்கவல்லவை அல்ல. கொடுத்ததைத் திருப்பித் தரும், கொடாததைத் தராது. இதுதான் சிறுமியின் கேள்விக்கு விடை.

ஒரே பருவத்தில் மாறுமா?

இந்த விடையை நாடு முழுவதும் அறியும் காலம் ஒன்று வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை ஒன்றே போதும் என்பது எண்ணம். எண்ணம் தீயதென்று எவரும் கூறார். ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். நல்ல கூட்டெருவில் ஒன்று அல்லது இரண்டு சதவீதமே. 100 கிலோ யூரியா தரும் நைதரசனைப் பெற ஏறத்தாழ 3 தொன் கூட்டெரு வேண்டும். அதைச் செங்குத்தான மலைச்சரிவில் தோளிலே சுமந்து ஏறுவது யார்? சுமந்து போட்டாலும் நைதரசன் முழுவதும் அவ்வாண்டே செடிக்குக் கிட்டாது. நுண்ணுயிர்கள் உண்டு, வளர்ந்து, மடிந்த பின்னரே அது விடுபடும். நன்கு உக்காத எருவை இட்டாலோ, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த சிறிதளவு நைதரசனையும் தமக்கென எடுத்துக்கொள்ளும். செடி முன்னிலும் பசித்து நிற்கும்.

தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. ஆயினும் 2021-இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைவு, 2022-இல் 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தே அவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின. எனினும் பசியுற்ற செடிகள் முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை. கொழுந்தின் நிறையை நம்பி வாழும் குடும்பங்களின் உலையில் அது நேரே தெரிந்தது. "மலைக்குப் போனா கூட நிரம்பாது," என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் பெரியவர்.

இதனால் சேதனப் பசளை வீண் என்று முடிவுகட்டுவதும் பேதைமையே. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானி இந்தியாவின் இந்தூரில் 1920-களில் அந்நாட்டு உழவர்களைக் கவனித்துக் கூட்டெரு முறையை வகுத்தார். தேயிலைத் தோட்டங்களிலும் அம்முறை கையாளப்பட்டதை 1940-இல் வெளியான தம் நூலில் எழுதினார். 1990-களில் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பற்றிக் லவெல், சேனாபதி முதலிய ஆய்வாளர்கள் செடிவரிசைகளுக்கிடையே அகழி வெட்டி, கவ்வாத்துக் கழிவை நிரப்பி, மண்புழுக்களையும் விட்டு மூடினார்கள். களைத்துப்போன பழைய மண்ணில் கொழுந்து பெருகிற்று. இங்கும், முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே மறுநடுகை செய்வதில்லை. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே போர்த்து உக்கவிட்ட பின்னரே கன்று நடுவார்கள். மண்ணுக்குத் தரப்படும் ஓய்வு அது. உக்கல் என்பது பருவந்தோறும் கட்டவேண்டிய சேமிப்பு. நெருக்கடி நாளில் வாங்கும் கைமாற்றன்று.

பெரியவரின் பாத்தியே இதற்குச் சாட்சி. மாட்டுச் சாணம், காய்கறித் தோல், களை, காய்ந்த சருகு எல்லாவற்றையும் மாறி மாறி அடுக்கி, ஒரு குழியில் ஆறு மாதம் உக்கவிடுகிறார். குழிக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். வெளியே குளிர் நடுக்க, உள்ளே வெதுவெதுப்பு! எண்ணற்ற உயிர்கள் ஒரே வேளையில் உண்ணும்போது எழும் சூடு அது. முப்பது வருடமாக இப்படிச் செய்துவரும் பாத்தியின் மண் கையில் கறுப்பாக, இளகி, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு இருந்தது. அந்த வாசனையும் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் சுரப்பதுதான்.

அந்தப் பாத்தி அவர் பெயரில் இல்லை. லயம் இருக்கும்வரை அநுபவிக்கலாம் என்பதே ஏற்பாடு. 1823-ஆம் ஆண்டை மலையகத் தமிழர் வருகையின் தொடக்கமாகக் கொண்டு, 2023-இல் இருநூறு ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டது. வந்தவர்களுள் வழியிலும் மலையிலும் மாண்டு மண்ணானவர் எத்தனையோ பேர். 'மண்ணுக்கு உரமானார்கள்' என்று மலையகத்தில் சொல்லும்போது அது வெறும் உவமை அன்று. மண் தான் பெற்றதைத் திருப்பித் தந்துவிட்டது. மனிதரின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

சமவெளி வாயிலில்

இந்த மலைகள் காடாயிருந்தபோது மண் எப்படி இருந்தது என்று காண விரும்பி, மறுநாள் விடியுமுன் நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியே ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோம். 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்த அப்புல்வெளியும் முகிற்காடும் 1988-இல் தேசிய வனமாயின; மத்திய மலைநாட்டின் பகுதியாக 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன.

வாயிலில் காவலர் பைகளைத் திறந்து பார்த்தார். பொலித்தீன் உள்ளே செல்லலாகாது என்பது அங்கே சட்டம். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியுள்ள தாளைக்கூட உரித்துவிடுகிறார்கள். சிறுமியின் பையிலிருந்து, முந்தைய நாள் தோண்டியெடுத்த அந்தச் சொப்பிங் பை வெளிவந்தது. "இதை ஏன் கொண்டு வந்தீங்க?" என்று காவலர் கேட்க, "மூணு மாசம் மண்ணுக்குள்ள இருந்துச்சு, ஒண்ணுமே ஆகல," என்றாள். அவர் சிரித்துவிட்டு அதை வாங்கிப் பெட்டியில் போட்டார்.

பொலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மரமோ தோன்றிப் பல கோடி ஆண்டுகளாயின. அதன் கடினமான இலிக்னினைக் கரைக்கும் வித்தையைப் பூஞ்சணங்கள் அந்த நெடுங்காலத்தில் பெற்றுவிட்டன. நூறு ஆண்டும் நிரம்பாத ஒரு பொருளை உண்ணும் வித்தை மண்ணுக்கு இன்னும் கைவரவில்லை. துண்டு துண்டாகக் கிழியுமேயன்றி, மண்ணாகாது. ஆகவே அது சென்று சேருமிடம் கானும், ஓடையும், நீர்த்தேக்கமுமே. உக்குவதையும் உக்காததையும் வீட்டிலேயே இரண்டு வாளிகளில் பிரித்துவிட்டால், பாதிப் பாரம் அங்கேயே குறையும், உக்குவது எருவாகும். மாணவர்கள் தம் வீட்டுக் கொல்லையிலேயே வலைப்பைச் சோதனையையும் செய்து பார்க்கலாம்; செலவு ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

காட்டுக்குள் நடந்தோம். பாசி போர்த்த மரங்கள் தாழக் குனிந்து நின்றன. பாதையோரத்தில் எப்பொழுதோ விழுந்த ஒரு பெருமரம் கிடந்தது. அதன்மேல் பாசி, பாசியின்மேல் சிறு காளான்கள், பிளவுகளில் அதே இனத்து மரத்தின் இளங்கன்றுகள். எங்கே மரம் முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று கண்டறிய முடியவில்லை. கரையோரமாக அறுபட்டிருந்த மண் கரியைப்போல் கறுத்திருந்தது. குளிரிலும் ஈரத்திலும் உக்கல் மெல்ல நிகழ்வதால், நூற்றாண்டுகளின் சேமிப்பு அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கீழேயுள்ள மலைகளும் ஒருகாலத்தில் இதே செல்வத்தோடு இருந்தவைதாம்.

சிறுமி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "தாத்தா பாத்தி மண்ணு மாதிரியே இருக்கு," என்றாள்.

காடு நூற்றாண்டுகளில் செய்ததை, ஒரு கவ்வாத்துக்காரர் முப்பது ஆண்டுகளில் நாலு பாத்தியளவுக்குச் செய்து வைத்திருக்கிறார். அவர் கற்ற வித்தை ஒன்றே: எடுத்தால் திருப்பிக் கொடு, கொடுத்த பின் காத்திரு.